சைக்கிள் சீட்: வலியில்லாமல் உட்கார என்ன செய்யலாம்

புதிதாக சைக்கிள் வாங்கியவர்கள் ஒரு வாரம் கழித்து என்னிடம் கேட்பது கியரைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ இருக்காது. "உட்காரவே முடியல, நல்லா மெத்து மெத்துன்னு ஒரு சீட் சொல்லுங்க" என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை போய்வரத் தொடங்கிய நாட்களில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை வலியைப் பொறுத்துக்கொண்டு, மூன்றாவது வாரம் ஒரு கடையில் தடிமனான ஜெல் உறை வாங்கி சீட்டின் மேல் மாட்டினேன். கடை வாசலில் ஒரு சுற்று சுற்றியபோது சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கோவளம் தாண்டும்போது தொடை இடுக்கில் உறுத்த ஆரம்பித்தது, மாமல்லபுரத்தில் இறங்கியபோது முன்பக்கம் முழுக்க மரத்துப்போயிருந்தது. உணர்ச்சி திரும்ப அரை மணி நேரம் ஆனது. உண்மையிலேயே பயந்துவிட்டேன். அதன்பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவும், அளக்கவும், கையில் ஸ்பேனரை எடுக்கவும் செய்தேன்.

நடந்தது இதுதான். ஒரு மரப்பலகையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் அடியில் கொடுத்துப் பாருங்கள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முனைகள் குத்தும். இடுப்பெலும்பின் அடிப்பகுதி அது. எடையைத் தாங்க உடம்பு வைத்திருக்கும் இடம் அந்த இரண்டும்தான். இரண்டுக்கும் நடுவே இருப்பது மென்மையான சதை, அதற்குள் பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. அந்த இரண்டு எலும்பையும் தாங்கி, நடுவில் அழுத்தாமல் இருக்கிற சீட்தான் நல்ல சீட். ரொம்ப மெத்தென்று இருக்கும் சீட்டில் எலும்பு இரண்டும் உள்ளே புதைந்துவிடும், பஞ்சு நடுவில் மேலே பிதுங்கி எந்த இடத்தை அழுத்தக் கூடாதோ அந்த இடத்தை அழுத்தும். பத்து நிமிடத்துக்கு சுகமாக இருப்பது ஒரு மணி நேரத்தில் மரத்துப்போக வைப்பது இதனால்தான். பால் வாங்கவும் பஸ் ஸ்டாண்டு வரை போகவும் மட்டும் வண்டி எடுப்பவருக்கு மெத்தை சீட் போதும், அதைக் குறை சொல்ல மாட்டேன். அரை மணிக்கு மேல் ஓட்டுகிறீர்கள் என்றால் கையால் அமுக்கிப் பார்த்து சீட் வாங்காதீர்கள்.

புது சீட் வாங்குவதற்கு முன்னால், இருக்கிற சீட் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்கிறது என்று வந்தவர்களில் நிறைய பேருக்கு ஒரு ஸ்பேனர், ஒரு ஆலன் கீ, அரை மணி நேரத்தோடு விஷயம் முடிந்துவிட்டது.

முதலில் உயரம். உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைக்கும் பழக்கம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளைப் பாருங்கள், வண்டி கைக்கு வந்த அன்று சீட் எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில்தான் பள்ளி முடியும் வரை இருக்கும், ஓட்டுகிற பிள்ளை நாலரை அடியா ஐந்தே முக்கால் அடியா என்பது பற்றிக் கவலையே கிடையாது. தாழ்ந்த சீட்டில் கால் முழுசாக நீளாது, மிதிக்கும்போது எடை காலுக்குப் போகாமல் அப்படியே சீட்டில் தங்கும், முழங்காலின் முன்பக்கமும் வலிக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை ஆகக் கீழே கொண்டுவாருங்கள். கால் நேராக நீண்டிருக்க வேண்டும், ஆனால் எட்டிப் பிடிக்கக் கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்காலில் சின்ன மடிப்பு தானாக வந்துவிடும். கணக்காக வேண்டும் என்பவர்கள், செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கவட்டையில் நன்றாக மேலே ஏற்றிப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல் விளிம்பு வரை அளந்து 0.883 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். மூன்று முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கணக்கு இது. கவட்டை உயரம் 78 செ.மீ. என்றால் சுமார் 68.9 செ.மீ. வரும், பெடல் மாட்டியிருக்கும் கையைக் கிராங்க் என்பார்கள், அது சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை அந்த அளவு. அதை முடிவான எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கிருந்து ஆரம்பித்து ஐந்து ஐந்து மில்லிமீட்டராக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின்னால் ஒருவரை வரச்சொல்லி உங்கள் இடுப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம் அதிகம், அந்த ஆட்டமே தோலைத் தேய்த்துப் புண்ணாக்கிவிடும், முழங்காலின் பின்பக்கமும் இழுக்கும். சீட்டைத் தாங்குகிற குழாயில், மெக்கானிக்குகள் சீட் பில்லர் என்பார்கள், இதற்கு மேல் ஏற்றாதே என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு எப்போதும் ஃபிரேமுக்குள்ளேயே இருக்கட்டும்.

"அப்படியானால் நிறுத்தும்போது கால் எட்டாதே" என்பார்கள். நிறுத்தும்போது சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதே இல்லை. பிரேக் பிடித்துக்கொண்டே ஒரு பெடலில் எழுந்து, சீட்டுக்கு முன்னால் இறங்கி, மற்றக் காலை ஊன்ற வேண்டும். இரண்டு நாள் காலியான தெருவில் பழகினால் வந்துவிடும். பயமாக இருந்தால் சீட்டை ஒரே நாளில் ஏற்றாமல் வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டராக ஏற்றுங்கள்.

அடுத்தது முன்னே பின்னே தள்ளுவது. சீட்டின் அடியில் இரண்டு கம்பிகள் ஓடும், கிளாம்ப் அதைத்தான் கவ்விப் பிடிக்கிறது. நட்டைத் தளர்த்தினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தலாம். நூலில் ஒரு நட்டைக் கட்டினால் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு மாதிரி ஆகிவிடும். கிராங்க் தரைக்கு இணையாக இருக்கும்போது, முன்னால் இருக்கும் காலின் முழங்கால் சிரட்டைக்குக் கீழிருந்து அந்த நூலைத் தொங்கவிட்டால் பெடலின் அச்சை ஒட்டி விழ வேண்டும். இதுவும் தொடங்குவதற்கான இடம்தான், சட்டமில்லை. கம்பி வளைய ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் கிளாம்ப்பை வைத்து முறுக்காதீர்கள், கம்பி அங்கேதான் உடையும்.

மூன்றாவது சாய்வு. வலிக்கு மூல காரணமாக நான் அதிகம் பார்த்தது இதைத்தான். சீட்டின் மூக்கு கொஞ்சம் மேலே தூக்கியிருந்தாலும் நடுச்சதையில் குத்தும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் மேல் நீளவாக்கில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை வைத்து, அதன் மேல் மொபைலை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறங்கள். பூஜ்யத்தில் ஆரம்பிக்கலாம். அழுத்தம் தெரிந்தால் மூக்கை ஒரு டிகிரி இறக்குங்கள், இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கும், வழுக்காமலிருக்கக் கையை ஊன்றுவீர்கள், உள்ளங்கையும் தோளும் வலிக்க ஆரம்பிக்கும். பழைய மாடல் வண்டிகளில் கிளாம்ப் பல் பல்லாக இருக்கும், ஒரு பல்லுக்கு அடுத்த பல் என்றுதான் சாய்வை மாற்ற முடியும். பல் மழுங்கிவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் மூக்கு தூக்கிக்கொள்ளும். நட்டை இன்னும் முறுக்கிப் பலன் இல்லை, கிளாம்ப்பை மாற்றுங்கள். அதிகச் செலவில்லாத சாமான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் குறித்து வையுங்கள், இரண்டு தடவையாவது ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உயரம், சாய்வு இரண்டையும் ஒரே மாலையில் மாற்றினால் எது உதவியது என்று கடைசி வரை தெரியாது.

இத்தனையும் செய்தும் வலித்தால் பெரும்பாலும் சீட்டின் அகலம் உங்களுக்குப் பொருந்தவில்லை. அளப்பது சுலபம். பார்சல் வந்த பெட்டியிலிருந்து, நடுவில் அலை அலையாகக் காகிதம் இருக்குமே அந்த அட்டையில், ஒரு முழம் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். கெட்டியான மர ஸ்டூலிலோ மாடிப்படியிலோ அதைப் போட்டு மெல்லிய பைஜாமாவோடு உட்காருங்கள். கொஞ்சம் முன்னால் குனிந்து, குதிகால்களை உயர்த்தி முழங்கால்களை மேலே கொண்டுவந்து, அரை நிமிடம் அசையாமல் இருங்கள். எழுந்து, அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு குழிகள் தெரியும். தெரியவில்லையென்றால் விரல் நுனியால் தடவுங்கள், விரலுக்குத் தெரியும். ஆக ஆழமான இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, இரண்டு புள்ளிக்கும் இடையே அளங்கள். மூன்று தடவை செய்து பாருங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசப்படலாம். எனக்கு 121 மி.மீ. வந்தது. ஹேண்டில்பார் தாழ்வாக, நன்றாகக் குனிந்து ஓட்டுபவர் அதோடு சுமார் 20 மி.மீ. கூட்டிக்கொள்ளலாம், நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் 30 அல்லது அதற்கு மேலும் கூட்ட வேண்டும். நிமிர நிமிர எடை பின்னால் வரும், அதனால் அகலமான இடம் தேவைப்படும். நான் 143 மி.மீ. சீட் வாங்கினேன். ஜெல் உறை மாட்டியிருந்த பழைய சீட்டில் பிரச்சினை மெத்தை மட்டுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது, அது எனக்குக் குறுகல், ஒரு பக்கத்து எலும்பு எப்போதும் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தது.

இதில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். ஆள் பருமன் என்றால் பெரிய சீட், ஒல்லி என்றால் சின்ன சீட் என்று கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். எலும்புக்கு நடுவே உள்ள தூரத்துக்கும் உடம்பின் பருமனுக்கும் அப்படி நேரான சம்பந்தம் இல்லை. பெண்களுக்குப் பொதுவாகத் தூரம் சற்று அதிகம் என்றாலும், எல்லாருக்கும் அப்படியில்லை. 'லேடீஸ் சீட்' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்காமல் அளந்து பார்த்து வாங்குங்கள். பெண்கள் பலர் வலி எங்கே என்று கடைக்காரரிடம் சொல்லக் கூச்சப்பட்டே வண்டியை ஓரம் கட்டிவிடுகிறார்கள், இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். முன்பக்கம் அழுத்தினால், நடுவில் பள்ளமோ ஓட்டையோ விட்ட சீட்டும், மூக்கு குட்டையான சீட்டும் பெரும்பாலும் உதவும். சுடிதார் பேன்ட்டின் நடுத்தையல் நாலு துணி சேரும் இடத்தில் கெட்டியாக முடிச்சு மாதிரி இருக்கும், பாதி உறுத்தல் அந்தத் தையலிலிருந்துதான். தையல் தட்டையாக உள்ள லெக்கிங்ஸ் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். ஜீன்ஸுக்கும் இதே கதைதான், ஆண்களுக்கும் சேர்த்து.

உடையைப் பற்றி வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர்கள், மெத்தையை சீட்டில் வைப்பதைவிட உடையில் வைப்பது நல்லது. அதற்கென்று உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் இருக்கிறது. உள்ளே ஜட்டி போடக் கூடாது, இதை யாரும் முதலில் சொல்வதில்லை. ஜட்டியின் தையல் வியர்வையில் நனைந்து தேய்த்தால் புண் வரும், அது வராமல் இருக்கத்தான் அந்த ஷார்ட்ஸ். ஒவ்வொரு தடவையும் துவைத்து வெயிலில் காயவைத்த பிறகே மறுபடி போட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதோடு உட்கார்ந்து டீ குடிக்காமல் நேராகக் குளிக்கப் போங்கள்.

இனி எந்த வகை சீட் என்பது. பால்காரரும் தபால்காரரும் வைத்திருந்த பெரிய கறுப்பு வண்டிகளில் வரும் அகலமான ஸ்பிரிங் சீட்டைப் பழசு என்று தள்ளிவிடாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக ஓட்டும் வண்டிக்கு அது சரியான சீட். அதையே குனிந்து ஓட்டும் வண்டியில் போட்டால் தொடையில் உரசும், மிதிக்கும் பலத்தில் கொஞ்சத்தை ஸ்பிரிங் தின்றுவிடும். கியர் வண்டிகளுக்குக் கெட்டியான ஃபோம் போட்ட, நடுவில் பள்ளம் உள்ள சீட்டுகள்தான் இப்போது அதிகம், நல்லதாக நிறையக் கிடைக்கின்றன. நீண்ட தூரம் ஓட்டுபவர்களிடையே தனி மரியாதை உள்ளது தோல் சீட்டுக்கு. 200 கி.மீ. தூரத்தைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்கள் தமிழ்நாட்டிலும் நடக்கின்றன. அங்கே நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவே நடந்தால் தேன் நிறத்தில் ஒன்றிரண்டு தோல் சீட்டாவது கண்ணில் படும். இங்கிலாந்தின் புரூக்ஸ்தான் இதில் பழைய பெயர். 1866 இல் பர்மிங்காமில் ஜான் போல்ட்பீ புரூக்ஸ் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய கடை, பிறகு சைக்கிள் சீட்டுக்கு வந்தது. அவர்களுடைய பி17 என்ற சீட் நூறு வருடத்துக்கும் மேலாக வந்துகொண்டிருக்கிறது. அதில் பஞ்சே கிடையாது. முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் கெட்டித் தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள், கயிற்றுக்கட்டில் மாதிரி. முதல் நாள் பலகை மாதிரி இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் உங்கள் எலும்பு உட்காரும் இரண்டு இடத்திலும் தோல் மெல்லக் குழிந்து, உங்கள் அளவுக்கே செய்த மாதிரி ஆகிவிடும். அகலம் பொருந்தாத தோல் சீட்டை எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் பொருந்த வைக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தோல் வேண்டாம் என்பவர்களுக்கு அதே கம்பெனி ரப்பரும் பருத்தித் துணியும் சேர்த்து கேம்பியம் என்று ஒன்று செய்கிறது.

தோல் சீட்டைப் பார்த்துக்கொள்வது தனி வேலை, அந்த வேலை பிடித்தவர்கள் மட்டும் வாங்குங்கள். அதற்கென்று விற்கும் கொழுப்பும் மெழுகும் கலந்த பசை உண்டு, புரூக்ஸ் விற்பதன் பெயர் புரூஃபைடு. புதிதாக வாங்கியதும் மேலே மெல்லியதாகப் பூசி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். அடிப்பக்கமும் ஒரு தடவை பூசுங்கள், சக்கரத்துத் தண்ணீர் தெறிப்பது அங்கேதான். அதன்பிறகு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை போதும். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊற்றி ஊறவைக்காதீர்கள், சீக்கிரம் இளகட்டும் என்று நிறைய பேர் இதைச் செய்கிறார்கள். தோல் தேவைக்கு மேல் இளகி, நடுவில் தொய்ந்து தொட்டில் மாதிரி ஆகிவிடும், அப்புறம் மீட்கவே முடியாது. சீட்டின் மூக்குக்கு அடியில் தோலை இழுத்துப் பிடிக்கும் போல்ட் ஒன்று இருக்கும், அதற்கென்று ஒரு தட்டை ஸ்பேனர் சீட்டோடு வரும். தோல் உண்மையிலேயே தொய்ந்தால் மட்டும் கால் சுற்று. சும்மா இருக்கும்போதெல்லாம் திருகினால் தோல் கிழிந்துவிடும்.

மழையில் தோல் சீட் நனைவதுகூடப் பெரிய தப்பில்லை, நனைந்த சீட்டில் உட்கார்ந்து ஓட்டுவதுதான் தப்பு. ஈரத்தில் தோல் நீளும், அப்படியே காய்ந்தால் கோணலாக நின்றுவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுருட்டி சீட்டின் அடியிலேயே செருகி வையுங்கள். நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் காற்றாட இரண்டு நாள் விடுங்கள். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காயவைத்தால் விறைத்து வெடிக்கும். மழைக்காலம் முழுக்க மூடியே வைத்தால் பூஞ்சை பூக்கும், காய்ந்த துணியால் துடைத்துக் காற்றில் வைத்துவிட்டு மறுபடி பசை பூசுங்கள்.

சாதாரண சீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடையுங்கள், வியர்வை உப்பு படிந்திருந்தால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர். வாட்டர் சர்வீஸ் பம்ப்பை சீட்டின் மேல் அடிக்க விடாதீர்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள், ரெக்சினைக் கெடுப்பது வெயில்தான். சின்னக் கிழிசல் விழுந்தால் அன்றே டேப் ஒட்டிவிடுங்கள். விட்டுவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போய்ப் பஞ்சில் தங்கி, நீங்கள் உட்காரும் ஒவ்வொரு தடவையும் பேன்ட்டை நனைக்கும், பஞ்சும் மக்கிவிடும். கிரீச் கிரீச் என்று சத்தம் வந்தால், ஸ்பிரிங்கிலும், கம்பியைக் கிளாம்ப் கவ்வும் இடத்திலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்து, நட்டைச் சரியாக இறுக்கினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

சீட் பில்லரை மறந்துவிடாதீர்கள். சென்னை, கடலூர், தூத்துக்குடி என்று உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அலுமினியக் குழாய் இரும்பு ஃபிரேமுக்குள் வருடக்கணக்கில் அசையாமல் இருந்தால் இரண்டும் அரித்து ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் அதை எடுக்க ஃபிரேமையே சேதப்படுத்த வேண்டிவரும். நாலு மாதத்துக்கு ஒருமுறை குழாயை முழுசாக உருவி, பழைய அழுக்கைத் துடைத்து, கிரீஸ் மெல்லியதாகத் தடவி மறுபடி போடுங்கள். உருவுவதற்கு முன், குழாய் ஃபிரேமுக்குள் இறங்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டால் உயரம் மாறாது. கார்பன் குழாய் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று தனிப் பசை இருக்கிறது.

சீட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருக்கக் கூடாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து மிதி எழுந்து நின்று ஓட்டுங்கள். வேகத்தடையையும் பள்ளத்தையும் எப்போதும் சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலை மடக்கித் தாண்டுங்கள். டயரில் காற்றைக் கல் மாதிரி அடித்து வைத்திருந்தால் கொஞ்சம் குறையுங்கள், அதிர்ச்சி குறையும். புது சீட்டில் முதல் இரண்டு வாரம் அந்த எலும்பு இரண்டும் நோகத்தான் செய்யும், அது பழகும் நோவு, ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டினால் போய்விடும். மரத்துப்போவது அப்படியில்லை. மரத்துப்போக ஆரம்பித்தால் அந்த நிமிடமே எழுந்து நில்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் சாய்வைப் பாருங்கள். இறங்கி ஒருநாள் ஆகியும் மரத்திருந்தாலோ, சிறுநீர் கழிக்கும்போது வலித்தாலோ, புண் சீழ் கோத்தாலோ சைக்கிளை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பொருந்திய சீட் ஒன்று கிடைத்துவிட்டால், வண்டியை விற்கும்போது அதைச் சேர்த்து விற்றுவிடாதீர்கள். என் 143 மி.மீ. சீட் இப்போது மூன்றாவது சைக்கிளில் இருக்கிறது. கழற்றுவதற்கு முன் கிராங்க் அச்சிலிருந்து சீட் மேல்பக்கம் வரை எவ்வளவு, சீட்டின் மூக்கிலிருந்து ஹேண்டில்பார் வரை எவ்வளவு, சாய்வு எத்தனை டிகிரி என்று மூன்றையும் அளந்து ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மொபைலில் போட்டோவும் எடுத்து வையுங்கள். புது வண்டியில் கிராங்க் நீளம் வேறாக இருந்தால் உயரத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும், மற்றபடி அன்று சாயங்காலமே ஓட்டக் கிளம்பிவிடலாம்.